குற்றவியலை எங்கிருந்து தொடங்குவது: எண்ணைப் படிப்பது முதல் கோட்பாட்டைப் பொருத்துவது வரை

குற்றவியல் படிக்க வருபவர்களில் பலர் கோட்பாடுகளை ஆண்டு வரிசையில் மனப்பாடம் செய்கிறார்கள். பெக்காரியா, லொம்ப்ரோசோ, துர்க்கைம், மெர்ட்டன், சதர்லேண்ட் என்று பட்டியல் நீளும். தேர்வில் எழுதிவிடலாம். ஆனால் ஓர் ஊரில் பைக் திருட்டு ஏன் கூடியது, அதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால் அந்தப் பட்டியலில் எதை எடுப்பது என்று தெரியாது. ஒவ்வொரு கோட்பாடும் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது. கேள்வியைப் பிரிக்காமல் கோட்பாட்டைத் தொட்டால் அது எதையும் விளக்காது. அதற்கும் முன்னால், கையில் இருக்கும் எண் எப்படி உருவானது என்று தெரியாவிட்டால் நடக்காத ஒன்றுக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்போம். அதனால் இங்கே சட்டம், எண், கேள்வி, கோட்பாடு, சோதனை என்ற வரிசையில் போகலாம். இந்திய, தமிழ்நாட்டுப் பதிவுகளை வைத்துப் பயிற்சி செய்வது எளிது என்பதால் எண்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன.

படி 1: எந்தச் செயல், எந்தப் பிரிவு, எந்தத் தேதி

ஆராய எடுத்த செயலை முதலில் சட்டப் பிரிவோடு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அந்தப் பிரிவு எப்போதிலிருந்து நடைமுறையில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். இது வெறும் சடங்கு இல்லை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான தண்டனை 302இலிருந்து 103க்கு மாறியது. திருட்டு 303 ஆனது. பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவே வந்திருக்கிறது. முன்பு செயின் பறிப்பு சில இடங்களில் திருட்டாகவும் சில இடங்களில் வழிப்பறியாகவும் பதிவாகும். ஆகவே 2023ஐயும் 2025ஐயும் நேராக ஒப்பிட்டு "திருட்டு குறைந்தது" என்று எழுதினால், குறைந்தது திருட்டா அல்லது அந்த வழக்குகள் வேறு பிரிவுக்குப் போய்விட்டனவா என்பது தெரியாது.

எது குற்றம் என்பதைச் சட்டமே மாற்றும்; சட்டத்தில் குற்றமாக இல்லாத தீங்கும் உண்டு. இரண்டையும் ஒரு வரியில் குறித்துவையுங்கள். தன்பாலின உறவு 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை குற்றமாக இருந்தது. அதன் பிறகு இல்லை. செய்பவர்களும் செயலும் மாறவில்லை, சட்டம்தான் மாறியது. எதிர்ப்பக்கத்தில், பெரிய தீங்கு விளைத்தும் குற்ற வழக்காகாமல் போகும் செயல்கள் உண்டு. எட்வின் சதர்லேண்ட் 1949இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்களை எடுத்துக்கொண்டார். அவற்றுக்கு எதிராக 980 தீர்ப்புகளும் ஆணைகளும் இருந்தன. பெரும்பாலானவை குற்றவியல் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தவை. "வறுமைதான் குற்றத்துக்குக் காரணம்" என்ற வாதத்தை அவர் அசைத்தது இப்படித்தான்: ஏழைகளின் குற்றங்களை மட்டும் எண்ணிவிட்டு வறுமையைக் காரணமாகக் காட்டினால் அந்த முடிவு எண்ணும் முறையிலேயே ஒளிந்திருக்கிறது. வெள்ளைக் காலர் குற்றம், அதாவது மதிப்பான பதவியில் இருப்பவர்கள் தங்கள் தொழிலினூடே செய்யும் குற்றம் என்ற கருத்து அவரிடமிருந்தே வந்தது.

படி 2: எண் எப்படி உருவானது என்று பின்னோக்கிப் போங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். ஒரு சம்பவம் புள்ளிவிவரமாக மாறுவதற்கு ஐந்து வாசல்களைத் தாண்ட வேண்டும். நடந்தது குற்றம் என்று பாதிக்கப்பட்டவருக்குத் தோன்ற வேண்டும். அவர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். புகாரை வாங்க வேண்டும். அது எஃப்.ஐ.ஆர். ஆக வேண்டும். சரியான பிரிவில் ஏற வேண்டும். தமிழ்நாட்டில் பல புகார்கள் சி.எஸ்.ஆர். ரசீதோடு, அதாவது வழக்காகப் பதியாமல் புகார் வந்ததற்கு மட்டும் தரும் சீட்டோடு நின்றுவிடுகின்றன. பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லியும், சி.எஸ்.ஆரோடு நின்ற விவகாரம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் வராது.

அந்த ஆண்டறிக்கைக்கு ஒரு விதி உண்டு. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் மிகக் கடுமையானது மட்டுமே எண்ணப்படும். வீடு புகுந்து நகையைத் திருடிக் கொலையும் செய்தால் அது கொலைக் கணக்கில் ஒன்று; திருட்டுக் கணக்கில் பூஜ்யம். இதைத் தெரியாமல் சிறு குற்றங்களின் எண்ணிக்கையை முழுமையானது என்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

இரண்டு எடுத்துக்காட்டுகளை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும். இந்தியாவில் பதிவான பாலியல் வன்புணர்வு வழக்குகள் 2012இல் 24,923, 2013இல் 33,707. ஓராண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றம். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு புகார் கொடுக்கும் துணிவு கூடியது. 2013 திருத்தச் சட்டம் வன்புணர்வின் வரையறையை விரித்தது. 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டம் சம்மத வயதை 18 ஆக்கியது. இவ்வளவும் சேர்ந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆண்கள் ஓராண்டில் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, 2020. ஊரடங்கில் நாடே வீட்டுக்குள் இருந்த ஆண்டில் பதிவான குற்றங்கள் ஏறக்குறைய 28 விழுக்காடு உயர்ந்தன. அரசு ஊழியர் பிறப்பித்த உத்தரவை மீறியதற்கான பழைய 188ஆம் பிரிவின் வழக்குகள் 2019இல் 29,469ஆக இருந்தவை 2020இல் 6,12,179 ஆனதே அதற்குப் பெரிய காரணம். திருட்டு அந்த ஆண்டில் குறைந்தது. மொத்த எண் மட்டும் பார்த்தவர் எதிர்ப்பக்கம் போயிருப்பார்.

வெளியே வராத குற்றம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள காவல் பதிவுக்கு வெளியே உள்ள கணக்கெடுப்புகள் தேவை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு உள்ளான பெண்களில் 14 விழுக்காட்டினர்தான் யாரிடமாவது உதவி தேடியிருந்தார்கள். 77 விழுக்காட்டினர் உதவியும் தேடவில்லை, ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. உதவி தேடியவர்களிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்குத்தான், ஸ்டேஷனுக்கு அல்ல. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது இந்த இடைவெளியைக் குறைக்கத்தான். அப்படி ஒரு நிலையம் திறந்த ஊரில் அடுத்த ஆண்டு வழக்குகள் ஏறினால், அது வேலை செய்கிறது என்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

எந்த எண்ணை ஓரளவு நம்பலாம்? கொலையை நம்பலாம், உடல் கிடைத்துவிட்டால் மறைப்பது கடினம். வாகனத் திருட்டையும் நம்பலாம். காப்பீட்டுப் பணம் கேட்க எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்பதால் மக்களே பதிவைக் கேட்டு வாங்குகிறார்கள். செல்போன் பறிப்பு, பாலியல் சீண்டல், லஞ்சம் ஆகியவற்றின் காவல் எண்ணைத் தனியாக நம்பக்கூடாது.

கணக்கிடும் முறை எளிது. வழக்குகளின் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து 1,00,000ஆல் பெருக்கினால் குற்ற விகிதம். 2,40,000 பேர் உள்ள ஊரில் 12 கொலைகள் என்றால் விகிதம் 5. ஆனால் 15,000 பேர் உள்ள ஒரு பகுதியில் போன ஆண்டு 1, இந்த ஆண்டு 2 என்றால் விகிதம் 6.7இலிருந்து 13.3 ஆகிவிடும், "இருமடங்கு" என்று தலைப்பு போடுவார்கள். எண்ணிக்கை 20க்குக் கீழே இருக்கும்போது மூன்று முதல் ஐந்து ஆண்டுச் சராசரியை எடுப்பது நல்ல பழக்கம். வகுக்கும் எண்ணையும் யோசியுங்கள். பேருந்து நிலையத்தில் வசிப்பவர் யாருமில்லை, ஆனால் தினமும் ஆயிரக்கணக்கானோர் வந்து போகிறார்கள். அங்கே குடியிருப்போரின் எண்ணிக்கையால் வகுத்தால் உலகத்திலேயே ஆபத்தான இடமாகத் தெரியும்.

சிறைக் கணக்குக்கு இன்னொரு எச்சரிக்கை. 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கு. சிறையில் இருப்பவர்களின் படிப்பு, சாதி, வருமானம் ஆகியவற்றைப் பார்த்து "குற்றவாளிகள் இப்படிப்பட்டவர்கள்" என்று எழுதுவது தவறு மட்டுமல்ல, அநியாயமும்கூட. ஜாமீன் கட்ட முடியாதவர்கள் யார் என்பதைத்தான் அந்தப் பட்டியல் பெரிதும் சொல்கிறது.

படி 3: கேள்வியைப் பிரியுங்கள்

"குற்றம் ஏன் நடக்கிறது?" என்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் நான்கு இருக்கின்றன. இந்த ஆள் ஏன் செய்தார், பக்கத்து வீட்டுக்காரர் ஏன் செய்யவில்லை? இந்தப் பகுதியில் ஏன் கூடுதல்? இந்த இடத்தில், இந்த நேரத்தில் ஏன்? இந்தச் செயலும் இந்த மக்களும் ஏன் குற்றமாகவும் குற்றவாளியாகவும் பார்க்கப்படுகிறார்கள்? உங்கள் பிரச்சினையை ஒரே வாக்கியமாக எழுதி, இந்த நான்கில் எது என்று பக்கத்தில் குறியுங்கள். இரண்டு பொருந்தினால் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். ஒரு கேள்விக்கான கோட்பாட்டை இன்னொன்றுக்குப் போட்டால் எந்தத் தரவும் அதைக் காப்பாற்றாது.

படி 4: கேள்விக்கேற்ற கோட்பாடு

ஆளைப் பற்றிய கேள்வியில் லொம்ப்ரோசோவை ஓர் எச்சரிக்கையாகப் படியுங்கள். 1876இல் அவர் குற்றவாளி பிறவியிலேயே வேறுபட்டவன், மண்டையோடும் முகமும் அதைக் காட்டும் என்றார். சார்ல்ஸ் கோரிங் ஆங்கிலச் சிறைகளில் சுமார் 3,000 கைதிகளை அளந்து, சிறைக்கு வெளியே இருந்தவர்களோடு ஒப்பிட்டு 1913இல் வெளியிட்டபோது அப்படித் தனியான உடல் வகை எதுவும் நிற்கவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. முகத்தைப் பார்த்துக் குற்ற மனத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் என்று யாராவது இன்று விற்க வந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் கோரிங் கேட்டதுதான்.

சதர்லேண்டின் வேறுபட்ட சேர்க்கைக் கோட்பாடு 1947இல் ஒன்பது கூற்றுகளாக முழு வடிவம் பெற்றது. சாரம் இதுதான்: குற்றம் நெருங்கிய குழுக்களில் பழகிக் கற்றுக்கொள்ளப்படுகிறது. கற்பது செய்முறையை மட்டுமல்ல, அதற்கான நியாயங்களையும். அந்த நியாயங்களை சைக்ஸ், மாட்சா இருவரும் 1957இல் ஐந்தாக வகுத்தார்கள். லஞ்சத்தில் வைத்துப் பார்த்தால் ஐந்தும் காதில் விழும். "மேலே கொடுக்கணும், என் கையில் என்ன இருக்கு" என்பது பொறுப்பை மறுப்பது. "அவங்களா பிரியப்பட்டுக் கொடுத்தது, யாருக்கு நஷ்டம்" என்பது தீங்கை மறுப்பது. "அவனே ஊரை ஏமாத்துறவன்" என்பது பாதிக்கப்பட்டவரை மறுப்பது. "இவங்க யோக்கியமா எங்களைக் கேட்க" என்பது கேட்பவரைக் கண்டிப்பது. "பிள்ளைகள் படிப்புக்காகத்தான்" என்பது மேலான கடமையைக் காட்டுவது. நேர்காணல் எடுக்கும்போது பேச்சை இந்த ஐந்தில் குறியிட்டுப் பழகுங்கள். கோட்பாட்டைக் கைவசப்படுத்த இது நல்ல பயிற்சி. ஒரு சிக்கல் மட்டும் கவனிக்க வேண்டும்: செயலுக்கு முன்னாலேயே இருந்த நியாயமா, மாட்டிய பிறகு கண்டுபிடித்ததா என்பதைப் பேச்சு மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

டிராவிஸ் ஹிர்ஷி 1969இல் கேள்வியையே திருப்பிப் போட்டார். ஏன் செய்கிறார்கள் என்று கேட்காமல், பெரும்பாலோர் ஏன் செய்வதில்லை என்று கேட்டார். பற்று, ஈடுபாட்டால் சேர்த்த முதலீடு, நேரத்தை நிரப்பும் செயல்பாடு, நெறியில் நம்பிக்கை ஆகிய நான்கு பிணைப்புகள் தளர்ந்தால் ஆள் நழுவுகிறார் என்பது அவர் பதில். 1990இல் அவரும் காட்ஃப்ரெட்சனும் சிறு வயதில் அமையும் தன்னடக்கத்தை மையமாக வைத்தார்கள்.

வயதை மறக்காதீர்கள். குற்றம் பதின்ம வயதின் பிற்பகுதியில் ஏறி, பிறகு இறங்குவது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் போக்கு. 1945இல் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்த 9,945 சிறுவர்களின் காவல் பதிவுகளை வுல்ஃப்காங் குழு தொடர்ந்தது. 1972இல் வெளியான முடிவின்படி 6 விழுக்காட்டினர் மொத்தக் குற்றங்களில் பாதிக்கு மேல் செய்திருந்தார்கள். டெர்ரி மாஃபிட் 1993இல் பதின்ம வயதோடு நிற்பவர்கள், வாழ்நாள் முழுக்கத் தொடர்பவர்கள் என இரு வழிகளைப் பிரித்தார். அதே ஆண்டில் சாம்ப்சனும் லாபும் நிலையான வேலை, நல்ல மணவாழ்வு போன்ற திருப்புமுனைகள் பாதையை மாற்றும் என்று காட்டினார்கள். 17 வயதில் ஒரு முறை மாட்டியவரை ஆயுள் முழுக்கக் குற்றவாளியாக நடத்தும் கொள்கை எவ்வளவு வீணானது, எவ்வளவு கொடியது என்பதற்கு இந்த ஆய்வுகளே சாட்சி.

பகுதியைப் பற்றிய கேள்விக்கு சிகாகோவுக்குப் போக வேண்டும். ஷா, மெக்கே இருவரும் சிறார் குற்றங்களை வரைபடத்தில் குறித்து 1942இல் வெளியிட்டார்கள். நகர மையத்தை ஒட்டிய இடைமாற்ற வளையத்தில் விகிதம் உயர்ந்தே இருந்தது. அங்கே ஒரு காலத்தில் ஜெர்மானியர், ஐரிஷ்காரர், பிறகு இத்தாலியர், போலந்துக்காரர் என்று குடியிருப்போர் மாறிக்கொண்டே இருந்தார்கள். விகிதம் மட்டும் இறங்கவில்லை. அதனால் குற்றத்தை இனத்தின் குணமாகச் சொன்னவர்களின் வாதம் உடைந்தது. காரணம் அண்டை உறவுகள் வேரூன்ற விடாத வறுமையும் ஓயாத குடிமாற்றமும் என்றார்கள். 1997இல் சாம்ப்சன், ராடன்புஷ், எர்ல்ஸ் மூவரும் சிகாகோவின் 343 அண்டைப் பகுதிகளில், ஒருவரையொருவர் நம்பித் தேவைப்படும்போது தலையிடும் கூட்டுத்திறன் உள்ள இடங்களில் வன்முறை குறைவு என்று அளந்து காட்டினார்கள். மெர்ட்டனின் 1938 கட்டுரை இன்னும் பெரிய வட்டத்தைப் பார்த்தது: எல்லோருக்கும் ஒரே இலக்கு, வழிகள் மட்டும் சிலருக்கே என்றால் இறுக்கம் பிறந்து சிலரைக் குற்றத்துக்குத் தள்ளும். இங்கே வரும் பெரிய பிழை, பகுதியின் எண்ணை ஆளின் மேல் ஏற்றுவது. ஒரு பகுதியில் விகிதம் கூடுதல் என்பதால் அங்கே வசிக்கும் ஒருவர் குற்றம் செய்யக்கூடியவர் என்று ஆகாது. ஊர்ப்பெயரைச் சொன்னதும் வாடகைக்கு வீடு தராதவர்கள் செய்வது இந்தப் பிழையைத்தான்.

அந்தப் பிழை சட்டமாகவே இருந்த காலமும் உண்டு. 1871 குற்றப் பரம்பரையினர் சட்டம் சமூகம் சமூகமாக மக்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் கைரேகைப் பதிவும் இரவுக் காவல் நிலைய ஆஜரும் கட்டாயமாயின. மதுரை வட்டாரத்தில் இதைக் கைரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் பிறமலைக் கள்ளர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல் நீங்கியது. நாடு முழுக்க 1952இல். நான்காவது கேள்விக்குப் பதிலாக லெமர்ட் 1951இலும் பெக்கர் 1963இலும் வளர்த்த முத்திரை குத்தல் கோட்பாட்டுக்கு இது எந்தப் பாடநூல் எடுத்துக்காட்டையும் விட அழுத்தமானது. முதல் மீறல் பலரிடமும் நடக்கிறது. ஆனால் "குற்றவாளி" என்ற பெயர் ஒட்டியபின் வேலை கிடைக்காது, ஊர் ஒதுக்கும், அடுத்த வழக்கில் முதலில் அந்த ஆளைத்தான் தேடுவார்கள்; இரண்டாம் மீறல் அதிலிருந்து பிறக்கிறது. அடிக்கடி குற்றம் செய்பவர்கள் என்று காவல் நிலையங்கள் கண்காணிப்பவர்களின் இன்றைய சரித்திரப் பதிவேட்டுப் பட்டியல்களைப் படிக்கும்போதும் இதை நினைவில் வையுங்கள்: பட்டியலில் இருப்பவர் அடிக்கடி கைதாவதற்குப் பட்டியலே ஒரு காரணமாக இருக்கும். செயலைக் கண்டித்து ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் கண்டனமும் ஒதுக்கித் தள்ளும் கண்டனமும் வேறு என்று பிரெய்த்வெய்ட் 1989இல் பிரித்தது இங்கே உதவும்.

தண்டனை பற்றிச் சுருக்கமாக. பெக்காரியா 1764இலேயே தண்டனையின் கடுமையைவிட அது நிச்சயமாக வரும் என்பதும் விரைவாக வரும் என்பதும் முக்கியம் என்றார். பிற்கால ஆய்வுகளும் பெரும்பாலும் நிச்சயத்தின் பக்கமே நிற்கின்றன. ஆண்டுக்கணக்கில் வழக்கு இழுக்கும் நாட்டில் தண்டனை ஆண்டுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போவது ஏன் பலன் தருவதில்லை என்று கேட்பவருக்கு இதுவே தொடக்கம்.

படி 5: ஒரு பிரச்சினையில் போட்டுப் பாருங்கள்

இடமும் நேரமும் பற்றிய மூன்றாவது கேள்வியைச் செய்முறையாகவே கற்பது நல்லது. 1979இல் கோஹன், ஃபெல்சன் இருவரும் முன்வைத்த அன்றாட நடவடிக்கைக் கோட்பாடு மூன்று அம்சங்களைக் கேட்கிறது: செய்யத் துணிந்த ஆள், தகுந்த இலக்கு, தடுக்கக்கூடிய காவல் இல்லாமை. மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும். காவல் என்றால் போலீஸ் மட்டுமல்ல. ஸ்டாண்டில் டோக்கன் கிழிப்பவர், எதிரே டீக்கடை வைத்திருப்பவர், பைக்கின் சொந்தக்காரர் எல்லோரும் காவல்தான்.

ஓர் ஊரின் பைக் திருட்டு என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 12 மாத வழக்குகளை ஒரு தாளில் இறக்குங்கள். கிழமை, நிறுத்திய நேரம், காணவில்லை என்று பார்த்த நேரம், சரியான இடம், வண்டியின் மாடலும் வயதும், ஹேண்டில் லாக் போட்டிருந்ததா, சாவி எங்கே இருந்தது, பிறகு கிடைத்ததா, கிடைத்தால் முழுசாகவா பாகங்களாகவா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். எஃப்.ஐ.ஆரில் "பேருந்து நிலையம் அருகில்" என்று மட்டும் இருந்தால் பயனில்லை. எந்தப் பக்கம், எந்தக் கடை எதிரில் என்று நேரில் போய்க் குறிக்க வேண்டும்.

நேரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். காலை 8க்கு நிறுத்தி இரவு 8க்கு வந்து பார்த்தவர், திருட்டு நேரம் இரவு 8 என்று எழுதிக் கொடுப்பார். அப்படியே எண்ணினால் திருடர்கள் எல்லாரும் இரவு 8 மணிக்கு வருவதாகத் தெரியும், ரோந்தும் அப்போது போகும். சரியான முறை, அந்த ஒரு வழக்கை 12 மணி நேரத்துக்கும் பகிர்வது: மணிக்கு பன்னிரண்டில் ஒரு பங்கு. எல்லா வழக்குகளையும் இப்படிப் பகிர்ந்து கூட்டினால் உண்மையான உச்ச நேரம் மேலெழும்.

அடுத்து இடங்களை எண்ணிக்கையின்படி வரிசைப்படுத்துங்கள். ஷெர்மன் குழு 1989இல் மினியாபொலிஸ் நகரில் சுமார் 3 விழுக்காடு முகவரிகளிலிருந்தே காவல்துறைக்கான அழைப்புகளில் பாதி வந்ததைக் கண்டது. உங்கள் ஊரிலும் நான்கைந்து இடங்கள் மேலே நிற்க வாய்ப்பு அதிகம். அந்த இடங்களில் ஒரு நேரத்தில் எத்தனை பைக் நிற்கிறது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். 600 வண்டி நிற்கும் இடத்தில் 12 திருட்டும், 40 வண்டி நிற்கும் இடத்தில் 8 திருட்டும் என்றால் பிரச்சினை இருப்பது இரண்டாவதில்.

இப்போது மூன்று அம்சங்களில் எதை மாற்றுவது எளிது என்று பாருங்கள். ஆளை மாற்றுவது நீண்ட வேலை. இலக்கையும் காவலையும் சீக்கிரம் மாற்றலாம். ஒரே வாசல் வைத்து டோக்கன் இல்லாமல் வண்டியை வெளியே விடாதது, வெளிச்சம், பணியாளர் மாறும் நேரத்தில் இடைவெளி விடாதது போன்றவை. வண்டிகள் பாகங்களாகவே கிடைக்கின்றன என்றால் கவனம் ஸ்டாண்டிலிருந்து பழைய பாகங்கள் விற்கும் கடைகளுக்குத் திரும்ப வேண்டும். பெட்ரோல் தீர்ந்து எங்கோ நின்ற நிலையில் கிடைக்கின்றன என்றால் ஓட்டிப் பார்க்க எடுத்த சிறுவர்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

வாய்ப்பை மாற்றினால் குற்றம் குறையும் என்பதற்கு மேற்கு ஜெர்மனி நல்ல சான்று. 1980இல் ஹெல்மெட் போடாதவர்களுக்கு அபராதம் வந்தது. அந்த ஆண்டு சுமார் 1,50,000ஆக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு 1986இல் சுமார் 54,000 ஆனது. கார், சைக்கிள் திருட்டு அந்த அளவுக்கு ஏறி அதை ஈடுகட்டவில்லை. வழியில் கண்ட வண்டியை எடுக்க நினைப்பவர் கையில் ஹெல்மெட்டோடு வருவதில்லை. அது இல்லாமல் ஓட்டினால் உடனே நிறுத்தப்படுவார். யாரும் திருட்டைக் குறைக்க அந்தச் சட்டம் போடவில்லை. சென்னையில் ஹெல்மெட் சட்டத்துக்கும் பைக் திருட்டுக்கும் உள்ள தொடர்பை மங்கை நடராஜனும் ரொனால்ட் கிளார்க்கும் 1994இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மேற்கு ஜெர்மனியின் கதையை ஒப்பிட்டுப் படிக்க அது சிறந்த கட்டுரை. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருந்து சாலையில் யாரும் நிறுத்திக் கேட்காத ஊரில் இந்த வழி வேலை செய்யாது.

இந்தக் கோட்பாட்டின் எல்லையையும் சொல்ல வேண்டும். "தகுந்த இலக்கு" என்ற சொல் பைக்குக்குச் சரி. பெண்கள்மீதான வன்முறையில் அப்படியே போட்டால் பாதிக்கப்பட்டவர் ஏன் அங்கே போனார், அந்த நேரத்தில் ஏன் வெளியே இருந்தார் என்ற கேள்வியில் போய் முடியும். குடும்ப வன்முறையில் இடம் வீடு, "காவலாக" இருக்க வேண்டியவரே செய்பவர். அங்கே அதிகாரம், பொருளாதாரச் சார்பு, புகார் வாங்கப்படும் விதம் ஆகியவற்றை விளக்கும் பெண்ணியக் குற்றவியலை எடுங்கள்.

படி 6: பலித்ததா என்று பாருங்கள்

நடவடிக்கைக்கு முன் 12 மாதம், பின் 12 மாதம் என்று ஒரே நிரல்களில் எண்ணுங்கள். எதுவும் செய்யாத, ஏறக்குறைய ஒரே மாதிரியான இன்னொரு ஸ்டாண்டையும் கூடவே எண்ணுங்கள். இது இல்லாவிட்டால் ஒரு பொறியில் விழுவீர்கள்: நடவடிக்கை எப்போதும் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும்போதுதான் தொடங்குகிறது, உச்சத்துக்குப் பின் எண் தானாகவே சற்று இறங்கும். அந்த இறக்கத்தை நடவடிக்கையின் கணக்கில் எழுதிவிடுவார்கள். சுற்றி 500 மீட்டரில் திருட்டு இடம் மாறியதா என்றும் பாருங்கள். பல ஆய்வுகளில் முழுதாக இடம் மாறுவதில்லை. சில நேரம் பக்கத்து இடங்களிலும் குறைகிறது.

நல்ல எண்ணம் பலனுக்கு உத்தரவாதம் இல்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். அமெரிக்காவில் சிறுவர்களைச் சிறைக்குள் கூட்டிப்போய் ஆயுள் கைதிகளைக் கொண்டு மிரட்டும் திட்டங்கள் 1970களில் புகழ்பெற்றன. சீரற்ற முறையில் குழு பிரித்துச் சோதித்தபோது, போனவர்கள் போகாதவர்களைவிடக் கூடுதலாகக் குற்றம் செய்தார்கள். மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் திட்டத்தில் 506 சிறுவர்களை இணை இணையாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆண்டுக்கணக்கில் ஆலோசனையும் உதவியும் கொடுத்தார்கள். உதவி பெற்றவர்களில் பலர் அது தங்களுக்கு நன்மை செய்தது என்றே சொன்னார்கள். ஜோன் மெக்கார்ட் 1978இல் வெளியிட்ட முப்பதாண்டுத் தொடராய்வில் அவர்கள் நிலை பல அளவுகளில் ஒப்பீட்டுக் குழுவைவிட மோசமாக இருந்தது. அதனால் பங்கேற்றவர்களின் திருப்தியை மட்டும் கேட்டு அறிக்கை எழுதாதீர்கள். ஒப்பீட்டுக் குழுவை முதல் நாளே பிரித்து எழுதிவையுங்கள். திட்டம் தொடங்கிய பிறகு அதை உருவாக்க முடியாது.